பாட்டை வெட்டினால் மிஞ்சுவது துப்பாக்கிச் சத்தம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வெஸ்டர்ன் படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். துப்பாக்கி வீரர்களைப் பற்றியும் இத்தாலிக்காரர்கள் எடுத்த வெஸ்டர்ன்களைப் பற்றியும் கட்டுரையாளர் விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார். ஆனால் 1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் சிற்றூர்களையெல்லாம் கட்டிப்போட்டிருந்த பாடும் கௌபாய் படங்களுக்கு அவர் ஒதுக்கியது நாலே வரி. அந்த நாலு வரியில் சொன்னதும் இவ்வளவுதான்: அவை சிறுபிள்ளைத்தனமானவை, நிஜமான கௌபாய் எவனும் குதிரைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்க மாட்டான், அந்தப் பாட்டுகளைக் கேட்டு இன்றும் உருகுகிறவர்கள் இல்லாத ஒரு காலத்துக்காக உருகுகிறார்கள்.

கௌபாய் பாட மாட்டான் என்பது தவறு. இல்லாத காலத்துக்கான ஏக்கம் என்பது ஓரளவு சரி, ஆனால் அதை ஒரு குறையாகச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

நான் கால்நடை மருத்துவர். ஓய்வு பெறும்வரை கான்சஸ் மாநிலத்தின் ஃப்ளின்ட் ஹில்ஸ் பகுதியில்தான் வேலை. மேலே மெல்லிய மண், அடியில் சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும். ஏர் ஓட்ட முடியாத நிலம் என்பதால், வட அமெரிக்காவின் உயரப்புல் சமவெளியில் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி இங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கிறது. வசந்த காலத்தில் பழைய புல்லுக்குத் தீ வைப்பார்கள். கரிந்து கிடக்கும் மேட்டில் சீக்கிரமே பச்சை எட்டிப் பார்க்கும். அப்புறம் லாரி லாரியாக இளங்காளைகள் வந்து இறங்கும். இந்த ஊர் மாட்டுக்காரர்களோடு பழகித்தான் இந்தப் பாட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. படங்களை நான் பார்த்ததெல்லாம் பிறகுதான்.

அவற்றை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் ஒரு பண்ணைக்காரர். விளம்பரம் பிடிக்காத மனிதர், அதனால் பெயர் வேண்டாம். பிப்ரவரி மாதக் குளிரில், தலைச்சன் கன்று போடும் கிடாரிக்குப் பிரசவம் தடைப்பட்டால் நடுராத்திரியில் கூப்பிடுவார். நான் உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுக் கன்றின் காலைத் தேடும்போது, அவர் மாட்டின் கழுத்தருகே நின்று அடித்தொண்டையில் ஒரே மெட்டை முனகிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பாப் நோலன் எழுதிய ‘கூல் வாட்டர்’தான். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறாது, இறங்காது, நிற்காது. கயிறு இறுகி, கண் வெளிறிப்போய் நிற்கிற மாடு அந்த முனகலுக்கு மெல்ல மெல்ல மூச்சை நிதானப்படுத்தும். எதற்காகப் பாடுகிறீர்கள் என்று நான் கேட்டபோது அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மாட்டுப் பக்கத்தில் இருட்டில் நிற்கிறோம், பின்னே சத்தமில்லாமல் எப்படி நிற்பது என்றார்.

இதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. மாட்டுக்குச் செவிப்புலன் நம்மைவிடக் கூர்மை. திடீரென்று எழும் கூர்மையான ஓசை அதற்கு ஆகாது. வேலை நேரத்தில் மனிதர் கத்துவது, இரும்புக் கதவு மோதும் ஓசையைவிட மாட்டின் இதயத் துடிப்பை அதிகமாக ஏற்றுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இதைத்தான்: கத்தாதே, பதறாதே, மாட்டை அமைதியாக நடத்து.

டெக்சஸிலிருந்து மந்தை ஓட்டி வந்தவர்கள் இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள். 1867-ல் ஜோசப் மெக்காய் கான்சஸின் அபிலீன் ஊரில் ரயில் பாதையை ஒட்டி மாட்டுப் பட்டிகளைக் கட்டினார். அதிலிருந்து சிஷம் தடம் வழியாக நீள்கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் வடக்கே வந்தன. ஒரு மந்தையில் இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகள் இருக்கும். ஓட்டி வருகிறவர்கள் ஒரு டஜன் பேர் இருப்பார்கள். ராத்திரியில் மாடுகள் படுத்த பிறகு இரண்டு பேர் முறைவைத்துக் காவல் சுற்றுவார்கள், ஒருவர் இடமாக, இன்னொருவர் வலமாக. சுற்றும்போது பாடிக்கொண்டேதான் சுற்றுவார்கள். இருட்டில் ஒரு குதிரை தடுக்கினாலும், தீக்குச்சி உரசினாலும், மின்னல் வெட்டினாலும் மந்தை முழுக்க ஒரே பாய்ச்சலில் எழுந்து ஓடும். மிதிபட்டுச் சாவது மாடு மட்டுமல்ல. ஆனால் ஒரு குரல் தொடர்ந்து காதில் விழுந்துகொண்டிருந்தால், வருவது யார் என்று மாட்டுக்குத் தெரியும். அந்த ஓசைக்கு நடுவே சின்னச் சத்தங்கள் அதைத் திடுக்கிட வைக்காது. தேவாலயத்தில் பாடும் துதிப் பாடல்கள் மெதுவானவை என்பதால் அவையும் இந்த வேலைக்கு உதவின. தூங்காமல் இருக்கவும் பாடினார்கள், தனிமை தாங்காமலும் பாடினார்கள்.

ஆகவே குதிரைமேல் உட்கார்ந்து பாடுவது ஹாலிவுட் கட்டிய கதை அல்ல. ஒலித்தட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே, 1925-ல், கார்ல் ஸ்ப்ரேக் என்ற டெக்சஸ்காரர் தன் மாமன்மார் பாடக் கேட்டுக் கற்ற மாட்டுக்காரர் பாட்டுகளை விக்டர் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். மிகைப்படுத்தப்பட்டது துப்பாக்கிதான். மாட்டுச் சந்தை ஊர்களான அபிலீனிலும் டாட்ஜ் சிட்டியிலும் ஊருக்குள் துப்பாக்கியோடு திரியக் கூடாது என்று 1870களிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். நடுத்தெருவில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் காட்சியை நிஜம் என்று ஏற்றுக்கொள்கிற நாம், பாடுகிறவனை மட்டும் பொய் என்கிறோம். நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

சரி, சினிமாவுக்கு வருகிறேன். வெஸ்டர்ன் நடிகர் கென் மேனார்ட் 1929-லேயே திரையில் பாடிவிட்டார். ஆனால் அந்த வகைப் படத்தை நிலைநிறுத்தியவர் ஜீன் ஆட்ரி. 1907-ல் டெக்சஸில் டியோகா என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர். ஓக்லஹோமாவின் செல்சி ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி நேரத்தில் கிடாரோடு உட்கார்ந்திருந்தவர். தந்தி கொடுக்க வந்த நகைச்சுவைக் கலைஞர் வில் ரோஜர்ஸ் கேட்டுவிட்டு, ரேடியோவுக்குப் போகச் சொன்னார் என்று ஆட்ரி பலமுறை சொல்லியிருக்கிறார். டல்சா வானொலி, அப்புறம் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம், 1934-ல் மேனார்டின் படத்தில் ஒரு சின்ன வேடம், அடுத்த ஆண்டே ரிபப்ளிக் படக் கம்பெனியில் கதாநாயகன். ஆரம்பத்தில் அவர் அன்று பெயர்பெற்றிருந்த கிராமியப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸைப் பார்த்து அப்படியே பாடினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மார்புக் குரலிலிருந்து சட்டென்று உச்சத்துக்குத் தாவி மறுபடியும் கீழே இறங்கும் அந்த யோடலிங், ராட்ஜர்ஸ் வழியாகத்தான் கௌபாய் பாட்டுக்குள் வந்தது. 1933-ல் ராட்ஜர்ஸ் காசநோயில் இறந்தார். ஆட்ரி மெல்ல மெல்லத் தனக்கென்று ஒரு குரலைக் கண்டார். இதமான, அவசரமில்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். மைக்குக்குத் தக்க குரல் அது. அரங்கம் அதிரப் பாடும் ஆள் அல்ல அவர்.

ஆட்ரியின் படங்கள் சிறுபிள்ளைத்தனமானவை என்று சொல்கிறவர்கள் அவற்றை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவை பழங்காலத்தில் நடக்கும் கதைகளே அல்ல. குதிரையும் இருக்கும், மோட்டார் காரும் இருக்கும். ரேடியோ நிலையம், விமானம், தொலைபேசி எல்லாம் இருக்கும். எதிரி பெரும்பாலும் நிலத்தைச் சுருட்டப் பார்க்கும் கனவான், தண்ணீரை மறிக்கும் கம்பெனி. பொருளாதாரச் சரிவில் வேலையும் பண்ணையும் போன ஜனங்கள் பார்த்த படங்கள் இவை. 1938-ல் சம்பளத் தகராறில் ஆட்ரி படப்பிடிப்புக்கு வராமல் போக, அவர் இடத்தில் நிறுத்தப்பட்டவர் ராய் ரோஜர்ஸ். முதல் கதாநாயகப் படமான ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ படத்தில் அவருக்கு என்ன வேடம் தெரியுமா? வறட்சியில் தவிக்கும் பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீர் வாங்கித் தர வாஷிங்டனுக்குப் போகும் நாடாளுமன்ற உறுப்பினர். அதில் வரும் ‘டஸ்ட்’ என்ற பாட்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கே போனது. புழுதிப் புயல் மேற்குக் கான்சஸை மூடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்துவிட்டு உறங்கியவர்களுக்கு அந்தப் பாட்டில் வருவது அவர்கள் வீட்டுப் புழுதிதான்.

அந்த ராய் ரோஜர்ஸும் கௌபாயாகப் பிறந்தவர் அல்ல. லெனர்ட் ஸ்லை என்ற பெயரில் ஓஹையோவின் சின்சினாட்டியில் பிறந்தவர். தந்தை செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. வேலை தேடிக் குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்து, லாரி ஓட்டினார், தோட்டங்களில் பீச் பழம் பறித்தார். 1933-ல் பாப் நோலன், டிம் ஸ்பென்சர் இருவரோடும் சேர்ந்து மூவர் குழு ஒன்றைத் தொடங்கினார். ஹாலிவுட்டில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை பயிற்சி செய்தார்கள். அதுதான் ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ ஆனது. டெக்சஸிலிருந்து வந்த ஃபார் சகோதரர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள், ஹியூ வயலினோடு, கார்ல் கிடாரோடு.

இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லாமல் இந்த இசையின் ஈர்ப்பைச் சொல்ல முடியாது. மூன்று குரல்களும் அவ்வளவு நெருக்கமாக நடக்கும். மேல் குரல் எது, நடுக்குரல் எது என்று பிரிக்கப் பார்ப்பேன், இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுவேன். மூன்று பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், ஒரே எழுத்தில் வாயை மூடுகிறார்கள். யோடலிங்கைக்கூட மூன்று பேரும் சேர்ந்தே செய்கிறார்கள். கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று. அடியில் கிடார், நடக்கிற குதிரையின் தாளத்தில். ஓடுகிற குதிரை அல்ல, நடக்கிற குதிரை. இது முக்கியம். எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லாத தாளம். ‘கூல் வாட்டர்’ பாட்டில் தாகத்தில் தவிக்கும் மனிதன் ஒரு வரி பாடி முடித்ததும், உச்சத்தில் ஒரு குரல் தண்ணீர் என்ற சொல்லை மட்டும் தூரத்திலிருந்து திருப்பிச் சொல்லும். கானல் நீரைக் காதில் காட்டுவது என்றால் அதுதான். அந்தப் பாட்டில் அழுகையில்லை, கெஞ்சலில்லை. தாகம் மட்டும்தான் இருக்கிறது.

அதை எழுதிய பாப் நோலன் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் பிறந்தவர். சிறுவனாக அரிசோனாவின் டூசான் நகருக்கு வந்து சேர்ந்தபோதுதான் பாலைவனத்தை முதன்முதலாகப் பார்த்தார். அந்தப் பார்வை வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாட்டை அவர் எழுதியது லாஸ் ஏஞ்சலஸில் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. முதலில் அதில் உருண்டது உதிர்ந்த இலைகள். பிறகுதான் காற்றில் உருளும் முள்செடியாக மாறியது. 1934-ல் அதைப் பதிவு செய்தார்கள். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்துவைக்கும் தேசிய ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று.

அந்த முள்செடி இன்னும் ஒரு விஷயம் சொல்கிறது. அமெரிக்க மேற்கின் அடையாளமாக எல்லோரும் நினைக்கும் அந்த உருண்டைச் செடி அமெரிக்கச் செடியே இல்லை. 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த ஆளிவிதை மூட்டையில் கலந்து டகோட்டாவில் இறங்கியது. காய்ந்ததும் வேர் முறிந்து காற்றோடு உருண்டு, போகிற வழியெல்லாம் விதையைச் சிதறிக்கொண்டே நாட்டைப் பிடித்துவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் அது படுத்தும் பாட்டை என்னிடம் கேளுங்கள். வேலி ஓரமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். என்றாலும் நவம்பர் மாதம் வெறும் சாலையில் ஒன்று குறுக்கே உருண்டு போகும்போது அந்த மெட்டு மனத்தில் வராமல் இருந்ததில்லை. வெளியூர்ச் செடி, வெளியூர்க் கவிஞர். அந்த நிலத்தை அவர்களைவிட நன்றாகப் பாடியவர் யார்?

இப்போது கட்டுரையாளரின் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன், இல்லாத காலத்துக்கான ஏக்கம் என்பதற்கு.

மந்தைத் தடங்களின் காலம் மொத்தமே இருபது ஆண்டுதான். 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த வெளி துண்டு துண்டானது. ரயில் டெக்சஸுக்கே போய்விட்டது. 1886 ஜனவரிப் பனிப்புயலில் கான்சஸிலும், அடுத்த குளிர்காலத்தில் மொன்டானாவிலும் வயோமிங்கிலும் மாடுகள் நின்ற இடத்தில் செத்தன. என் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. டெக்சஸ் மாடுகள் வந்த வழியில் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு மடிந்தன. 1885-ல் கான்சஸ் அந்த மாடுகளை மாநிலத்துக்குள் விடாமல் தடுத்துவிட்டது. அந்த நோயைப் பரப்பியது ஓர் உண்ணி என்று தியோபால்டு ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் நிரூபித்து வெளியிட்டது 1893-ல். பூச்சி, உண்ணி போன்ற உயிர்கள் நோயைக் கடத்தும் என்று முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. கௌபாயின் காலத்தை முடித்து வைத்தவர்களில் ஷெரிஃபும் இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை. ஒரு கம்பி, ஒரு தண்டவாளம், ஒரு உண்ணி, இரண்டு குளிர்காலம்.

ஜீன் ஆட்ரி பிறந்தபோது அதெல்லாம் முடிந்து இருபது ஆண்டாகியிருந்தது. ஆக, அந்தப் பாட்டுகளை முதலில் பாடியவர்களே இழந்துபோன ஒன்றைத்தான் பாடினார்கள். 1930களில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களும் அப்படியே. அன்றைய ‘கடைசி மந்தை’ப் பாட்டுகளில் பெயர்பெற்ற ஒன்றை எழுதிய பில்லி ஹில் பாஸ்டனில் பிறந்தவர். இந்த இசையில் ஏக்கம் பின்னால் வயதானவர்கள் வந்து பூசியது அல்ல, ஆரம்பத்திலிருந்தே அதன் உடம்பில் இருக்கிறது. நான் பிறந்த மண்ணுக்கும் சிஷம் தடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் வின்னிபெக்கிலிருந்து வந்த பையனுக்கு உரிமை உண்டென்றால் எனக்கும் உண்டு. வேலை முடிந்த பிறகு வெளியில் உட்கார்ந்து, வானம் இருட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கூட இருக்கிறவர்களோடு மெதுவாகப் பாடும் ஒரு வாழ்க்கையை அவர்கள் விரும்பினார்கள். அதை விரும்புவதற்கு அது முன்னால் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இசையை நேசிக்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. டெக்சஸிலிருந்து மந்தை ஓட்டியவர்களில் கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஏராளம். மாடு மேய்க்கும் தொழிலே இங்கே மெக்சிகோக்காரர்களிடம் கற்றதுதான். திரையில் அவர்களுக்கு இடமில்லை, அல்லது கேலிக்குரிய இடம். அமெரிக்க முதற்குடிகளுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. இதற்கு நடுவே ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்ற ஒருவர் எழுந்தார். தெற்கு மாநிலங்களில் கறுப்பினச் சிறுவர்கள் வெள்ளைக்காரக் கௌபாய்களை மட்டுமே பார்த்துக் கைதட்டுவதைக் கவனித்து, அவர்களுக்கும் ஒரு நாயகன் வேண்டும் என்று 1937-லிருந்து தானே பாடும் கௌபாயாக நடித்தார். பின்னர் டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவில் பாடிப் புகழ்பெற்ற அதே ஜெஃப்ரீஸ்தான். பெண்களில் பாட்ஸி மொன்டானா. ஆர்கன்சாவில் பிறந்து, சிகாகோ வானொலியில் பாடி, 1935-ல் ஒரு கௌபாயின் காதலியாக வேண்டும் என்று பாடிய அந்த ஒற்றைப் பாட்டால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். பாட்டின் தலைப்பைப் பார்த்தால் காதல் பாட்டு போல இருக்கும். கேட்டால் புரியும்: அவள் கேட்பது குதிரையும் கயிறும் திறந்த வெளியும். அந்த யோடலிங்கில் இருக்கிற துணிச்சலை இன்று கேட்டாலும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

‘ஹோம் ஆன் த ரேஞ்ச்’ பாட்டின் கதையும் இதோடு சேர்ந்தது. 1870களில் கான்சஸின் ஸ்மித் மாவட்டத்தில் ஓடைக்கரைக் குடிசையில் தனியாக இருந்த ப்ரூஸ்டர் ஹிக்லி என்ற மருத்துவர் அதைக் கவிதையாக எழுதினார். டேனியல் கெல்லி என்ற ஊர்க்காரர் மெட்டுப் போட்டார். எழுதியவர் பெயர் மறந்துபோய், பாட்டு மட்டும் மாட்டுக்காரர்களோடு தெற்கே போனது. நாட்டுப் பாடல்களைச் சேகரித்த ஜான் லோமாக்ஸ் அதை டெக்சஸின் சான் அன்டோனியோவில் மதுக்கடை வைத்திருந்த கறுப்பினத்தவர் ஒருவர் பாடக் கேட்டுப் பதிவு செய்து, 1910-ல் தன் தொகுப்பில் அச்சேற்றினார். அந்தத் தொகுப்பு வழியாகத்தான் அது உலகுக்குப் போனது. பாட்டு எங்களுடையது என்று 1934-ல் ஒரு தம்பதி வழக்குப் போட்டபோதுதான் வழக்கறிஞர் ஒருவர் தேடிப் புறப்பட்டு, தடயத்தைக் கான்சஸ்வரை பிடித்து வந்தார். 1947-லிருந்து அது கான்சஸின் மாநிலப் பாட்டு. அந்தக் குடிசை இன்றும் நிற்கிறது. யாருமில்லாத ஒரு வாரநாளில் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆள் படுக்கவும் எழுதவும் போதுமான இடம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு விஷயம். கட்டுரையாளருக்கு இந்தப் படங்கள் வெறும் துரத்தலும் அடிதடியுமாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதில் அவர் பிழை எதுவும் இல்லை. 1950களில் ரிபப்ளிக் கம்பெனி தன் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கப் புறப்பட்டது. ஆட்ரியும் ரோஜர்ஸும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விளம்பரத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் படங்களை 53, 54 நிமிடமாக வெட்டினார்கள். எதை வெட்டினார்கள்? துரத்தலை வெட்டினால் கதை புரியாது. பாட்டை வெட்டினால் கதைக்குச் சேதமில்லை என்று நினைத்தார்கள். இரண்டு தலைமுறை பார்த்தது அந்தக் குறைப் பிரதிகளைத்தான். பாடுகிறவனைப் பாட்டில்லாமல் பார்த்துவிட்டு, இவனிடம் என்ன இருந்தது என்று கேட்கிறோம். ஆட்ரி பிற்காலத்தில் தன் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டதால், அவற்றைப் பழையபடி முழுதாக்கும் வேலை நடந்தது. அந்தப் பிரதிகளில் பாட்டு வரும் இடங்களைப் பாருங்கள். கதை நின்றுவிடும், குதிரைகள் நின்றுவிடும், கலகக்காரன்கூடக் கொஞ்சம் காத்திருப்பான். எனக்குப் பிடித்ததே அந்த நிற்றல்தான்.

இந்த இசை அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரெக்ஸ் ஆலன் நடித்த கடைசிப் படத்தோடு 1954-ல் அந்த வகைப் படங்கள் முடிவுக்கு வந்தன. 1998-ல் மூன்று மாத இடைவெளியில் ரோஜர்ஸும் ஆட்ரியும் காலமானார்கள். ஆனால் 1977-ல் நாஷ்வில்லில் தொடங்கிய ‘ரைடர்ஸ் இன் த ஸ்கை’ குழுவினர் அந்தக் கூட்டுக் குரலையும் யோடலிங்கையும் பழைய நேர்த்தியோடு எடுத்து வந்தார்கள். நெவாடாவின் எல்கோ நகரில் 1985-லிருந்து கௌபாய் கவிதைக் கூடல் நடக்கிறது, குளிர்காலத்தில்தான். பண்ணை வேலை குறைவாக இருக்கும்போதுதானே மாட்டுக்காரர்கள் வர முடியும்! லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் ஆட்ரி நிறுவிய அருங்காட்சியகம் 1988-ல் திறக்கப்பட்டது. அங்கே அவருக்காக மார்ட்டின் கம்பெனி 1933-ல் செய்து கொடுத்த கிடாரும் இருக்கிறது, கழுத்தில் முத்துச்சிப்பியால் அவர் பெயர் பதித்தது. டி-45 என்று இன்று கிடார்க்காரர்கள் கொண்டாடும் வகையில் முதலாவது அதுதான். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சியர்ஸ் கம்பெனி ஆட்ரியின் பெயரைப் போட்டுத் தபாலில் விற்ற மலிவுக் கிடார்கள். பண்ணைகளில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட நரம்பு அவற்றினுடையது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் முடிவில், பார்க்க வேண்டிய வெஸ்டர்ன்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தீர்கள். அதில் ஆட்ரியின் முழுமையாக்கப்பட்ட படம் ஒன்றையும், ஹெர்ப் ஜெஃப்ரீஸ் நடித்த படம் ஒன்றையும் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். கேட்பதற்கு ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் பதிவு செய்தவற்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் பெரிய வாத்தியக் குழுவோடு பதிவு செய்தவற்றில் குரல்கள் கொஞ்சம் அமுங்கிப்போகின்றன என்பது என் கருத்து. கட்டுரையாளர் விரும்பினால் என்னிடமுள்ள ஒலித்தட்டுகளைப் பிரதியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)
கான்சஸ், அமெரிக்கா